நீலக் கரண்டி

முகாமில் மாலை ஐந்துக்குக் கொம்பு ஊதும்.
ஊதுவது ஆள் இல்லை, கம்பத்து ஒலிபெருக்கி.
கொடி இறங்கத் தொடங்கும்.
கார்கள் போகிற போக்கில் நிற்கும்,
ஓட்டியவர்கள் இறங்கி விறைத்துக்கொள்வார்கள்.
கடைவாசலில் பால்கேனோடு ஒருத்தி
கொடி எந்தப் பக்கம் என்று தேடித் திரும்புவாள்.
ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூட.
இந்தக் கான்சாஸ் சமவெளியில்
காற்று மட்டும்தான் அடங்காது.

காற்றும் என் மகனும்.

கார்வினுக்கு ஒன்பது வயது.
கழுத்தில் தொங்கும் பலகையில் படத்தைத் தொடுவான்,
பலகை பேசும்:
ஜூஸ். வேண்டாம். அப்பா எங்கே.
கடைசிக் கேள்விக்கு
வரைபடத்தில் ஓரிடத்தில் விரல் வைப்பேன்.
அவன் அந்த இடத்தை நக்கிப் பார்ப்பான்.

மழை ஓயாத முந்தைய ஊரில்
பேச்சுப் பயிற்சிக்கான வரிசையில்
நூற்றிரண்டில் தொடங்கி ஆறுக்கு வந்திருந்தோம்.
ஆறு!
உள்ளறையில் நாற்காலி இழுபடுவது கேட்கிற தூரம்.
அப்போதுதான் மாற்றல் உத்தரவு.
இங்கே ஒரு பெண் மிகக் கனிவாகச் சொன்னாள்:
நூற்றுப் பதினான்கு.
நீட்டிய படிவத்தில் கேட்டிருந்தார்கள்,
குடும்பத்தில் சிறப்புத் தேவை உள்ளவர் யார் என்று.
ஒரு பெயருக்குத்தான் இடம் விட்டிருந்தார்கள்.

சாமான் கட்டியவன் பாதிப் பெட்டிகளின் மேல்
'இதர' என்று எழுதியிருந்தான்.
எந்த இதரவுக்குள் அந்த நீலக் கரண்டி?
அது இல்லாமல் அவன் வாய் திறக்க மாட்டான்.
நாற்பது பெட்டி பிரித்தேன்.
இரண்டாம் நாள் இரவு
அட்டைகளுக்கு நடுவில் நானும் சாப்பிடாமல் கிடந்தபோது
கதவைத் தட்டினாள் எதிர்வீட்டு லூர்து பங்கெலினன்.
குவாம் தீவுக்காரி. மகளுக்குச் சக்கர நாற்காலி.
ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை.
'எந்த நீலம்?' என்று கேட்டாள்.

எனக்கு அழுகை வந்தது அந்தக் கேள்விக்குத்தான்.

தெரு முழுக்கக் கதவு தட்டி
ஒரு பை நிறைய வாங்கி வந்தாள்.
எவர்சில்வரில் நீலப்பிடி,
மருந்து ஊற்றும் கரண்டி,
யாரோ ஒருவரின் கல்யாணப் பரிசுப் பீங்கான்.
எல்லாவற்றையும் தள்ளிவிட்டு
ஐஸ்கிரீம் கடைப் பிளாஸ்டிக் ஒன்றைப் பிடித்துக்கொண்டான்.
மறுநாள் அந்தக் கடையில் கேட்டு
அதே மாதிரி முப்பது.

அக்டோபரில் ஒருநாள்
கொம்பின் முதல் ஒலிக்கே
கை நழுவிச் சாலைக்கு ஓடினான்.
நல்லவேளை, சாலையே சிலையாகியிருந்தது.
நிற்க வேண்டிய நேரம் நான் மட்டும் ஓடினேன்,
வீட்டுச் செருப்போடு,
உத்தரவுகள் அத்தனையையும் மிதித்துக்கொண்டு.
காதைப் பொத்தியபடி போனவன்
சல்யூட்டில் நின்ற ஓர் இளம் சிப்பாயின்
தொடையில் மோதி
அதையே கட்டிக்கொண்டு ஒரு காதைப் புதைத்தான்.
நெஞ்சுப்பட்டையில் பெயர்: டில்லார்ட்.
மீசைகூடச் சரியாக அரும்பாத பையன்.
வலக்கை புருவத்திலிருந்து அசையவில்லை.
கண் கொடியிலிருந்து நகரவில்லை.
இடக்கை மட்டும் மெல்ல வந்து
என் மகனின் மறுகாதை மூடியது.
கொம்பு முடியும்வரை.

விதிப்புத்தகத்தில் அதற்கு என்ன பெயரோ.
நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள்
'மேடம்' என்று தலையாட்டிவிட்டுக் காரில் ஏறிவிட்டான்.

ஒலியைக் குறைக்கச் சொல்லி மனுப் போட்டிருக்கிறேன்.
பரிசீலனையிலேயே இருக்கிறது.
அதுவரை ஐந்துக்கு இரண்டு நிமிஷம் முன்னால்
லூர்து தன் துணி துவைக்கும் இயந்திரத்தை ஓடவிடுகிறாள்.
கார்வின் அதில் கன்னம் வைத்துக் கிடக்கிறான்.
அவள் மகள் டாசி
அந்த அதிர்வில் அவன் பல் கடகடப்பதைப் பார்த்துச் சிரிக்கிறாள்.
சில நாள் துணியே இல்லாமல் ஓடுகிறது.

வரிசையில் இப்போது தொண்ணூற்றொன்று.

டேரல் நேற்று அழைத்தான்.
அவன் குரல் எப்போதும் இரண்டு நொடி பிந்தித்தான் வரும்.
வசந்தத்தில் மறுபடி மாற்றல் இருக்கலாமாம்,
வெறும் பேச்சுதானாம், கவலைப்படாதே என்றான்.
சரி என்றேன். அதுவும் பிந்திப் போயிருக்கும்.
பிறகு அடுக்களையில் கரண்டிகளை எண்ணினேன்.
இருபத்தேழு மிச்சம்.
இம்முறை
ஒவ்வொரு பெட்டியிலும் ஒன்று.